வருகைப் புத்தகத்தில் நான் எழுதியது

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, லண்டனில் நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அரசாங்கப் பரிசோதகர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். இந்த நாட்டில் அப்படித்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் அது பரிசோதனை இல்லை, விருந்து.

எங்கள் இல்லத்தில் நாற்பது முதியவர்கள். சலவை அறை என் பொறுப்பு, பத்தொன்பது வருடமாக. எழுபது வயதாகிறது, இன்னும் எதற்கு வேலை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டு வீடு வாங்கினேன், இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரியாக்கினேன், எல்லாம் உண்மை. ஆனால் நான் போகாத நாளில் அங்கே ஒரு தலையணை உறைகூட ஒழுங்காக இராது. எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு படுக்கை விரிப்பைக் கையில் எடுத்தால் போதும். அதில் படுத்தவர் தண்ணீர் குடிக்கிறாரா, அவரை நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்களா, தோல் எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். படித்த தாதிமார் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

வந்தவர் ஐம்பது வயதுப் பெண். தட்டைச் சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. இல்லத்தை நடத்தும் முகாமையாளரின் அறைக்கு அவர் போகவில்லை. தொண்ணூறு வயது மார்கரெட் கிழவியின் அறைக்குப் போனார். நான் மடித்த விரிப்புகளோடு வாசலில் நின்றேன். அந்தப் பெண் கட்டிலின் கால்மாட்டில் முழங்காலில் நின்று, காற்று மெத்தையின் மோட்டாரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். மோட்டாரிலிருந்து போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவர்வரை போனார். பிறகு எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கிழவியோடு தனியாக அரை மணித்தியாலம் இருந்தார்.

பிறகு என்னிடமும் வந்தார். ஏதாவது பிழையைக் கண்டால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். முதலில் தாதியிடம், அவர் கேளாவிட்டால் முகாமையாளரிடம், அவரும் கேளாவிட்டால் உன்னிடம் என்றேன். என்னுடைய இங்கிலிசு சலவை அறை இங்கிலிசுதான். ஆனால் அந்தப் பெண் சிரித்து எழுதிக்கொண்டார். "சாம், நீ சிங்கம்" என்று முகாமையாளர் என் முதுகில் தட்டினார். சாமித்தம்பி என்ற என் பெயர் இங்கே சாம்.

சிங்கம் சலவை அறைக்குத் திரும்பியது. ஒரு மாதத்துக்கு முன் நானும் ஒரு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். முழங்காலில் நிற்கவில்லை. வயரைத் தடவவில்லை. கதவைச் சாத்தவில்லை.

2

அந்தக் கட்டில் என் அக்கா பொன்னம்மாவுடையது.

எங்கள் பக்கத்தில் தாய்தகப்பன் வீட்டைச் சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள், வயது போனால் அந்த வீட்டில்தான் இருப்பார்கள். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அக்காவுக்குப் பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன் தவராசா கரடியனாற்றில் பெண் எடுத்து, மாமனாரின் வயல் வட்டையில் வேளாண்மை செய்துகொண்டு அங்கேயே இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு நடை போயிற்று. தவராசா கூட்டிப்போக வந்தான். அங்கே அவன் மாமியாரும் பாயில்தான் கிடந்தார். அது தெரிந்தும் கேட்டான்.

அக்கா மறுத்துவிட்டார். "நான் குடுக்காத வீட்டுல நான் எப்பிடி மனே கிடக்கிற?" என்றார்.

அதனால் தன்னாமுனைக்கு அப்பால் வாவிக்கரையில் உள்ள ஓர் இல்லத்தில், பன்னிரண்டு கட்டில் உள்ள இடத்தில், நானே தொலைபேசியில் பேசி இடம் பிடித்தேன். என்னைப்போல இந்த விசயம் தெரிந்தவன் எங்கள் ஊரில் யார் இருக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் எங்கள் லண்டன் இல்லத்தில் பழைய காற்று மெத்தைகளை மாற்றினார்கள். பழசு என்றால் இங்கே பழசு. நம் ஊருக்கு அது புதுசு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் மோட்டார், மெத்தைக் குழாய்களுக்குள் காற்றை மாற்றி மாற்றி ஊதும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது. அழுந்தினால் தோல் வெடித்துப் புண்ணாகும், அந்தப் புண் எலும்புவரை போகும். பன்னிரண்டு மெத்தைகளை முகாமையாளரிடம் கேட்டு வாங்கினேன். என் கராஜில் ஒவ்வொன்றாகக் காற்றூதிப் பார்த்தேன். துடைத்தேன். வயர்களைச் சுருட்டி நீல ரப்பர் பட்டி போட்டுக் கட்டினேன். துணியில் எழுத்து அச்சடிப்பவனிடம் போய்ப் பன்னிரண்டு பட்டி செய்வித்து, மெத்தைகளின் கால்மாட்டில் நானே தைத்தேன்: உபயம், பெரியகல்லாறு க. சாமித்தம்பி, லண்டன்.

கப்பலில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் படம் வந்தது. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு இடத்தில் என் பெயர். அந்தப் படத்தைச் சலவை அறைச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

3

போன மாதம் ஊருக்குப் போனேன். போவதற்கு மூன்று கிழமைக்கு முன்பே இல்லத்துப் பொறுப்பாளருக்குத் திகதியும் நேரமும் சொன்னேன். கேட்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"ஐயா, உங்கள ஒழுங்கா வரவேற்காட்டி எங்களுக்குத்தான் வெக்கம். என்னென்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்க."

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "உங்கட விருப்பம்" என்றேன்.

வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். நிறைகுடம், மேளம், மாலை, பொன்னாடை. முப்பத்தாறு வருடமாக வேறொரு நாட்டில் சாம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் மனிதன் நான். அங்கே எல்லாரும் ஐயா என்றார்கள். நெஞ்சு நிமிர்ந்துதான் போனது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சும்மா மாலை போட்டுக்கொண்டு நான் வரவில்லை. பரிசோதித்தேன். கழிவறையை மணந்து பார்த்தேன். சமையலறைச் சட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். முதியவர்களின் நகங்களைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் கோப்பை இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தம். கட்டில்களில் மடிப்புக் கலையாத புது விரிப்புகள். மடிப்புக் கலையாத விரிப்பு என்றால் அதில் எவரும் இன்னும் படுக்கவில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருடம் விரிப்பு மடித்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தது. எனக்காகப் புதிது விரித்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டேன்.

வாசலோரக் கதிரையில் இருந்த ஒரு பல்லில்லாத கிழவர் என் மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

"லண்டன் தம்பி, இண்டைக்குக் கோழிக் கறியாம். நீ மாசத்துல ஒருக்கா வாவன் மனே, எங்களுக்கும் கொஞ்சம் ருசியாத் தின்னலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சத்தத்தில் சிரித்தவன் நான்தான்.

அக்காவைப் பட்டுச்சேலை உடுத்தி, மேடையில் என் பக்கத்துக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, என்னுடைய உரை. இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். நடுவில் அக்கா என் கையை இழுத்து ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு பதினைந்து பேர் சுற்றி நிற்க, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, நான் சத்தமாகக் கேட்டேன்.

"அக்கா, இஞ்ச உங்களுக்கு ஏதும் குறை இரிக்கா?"

"எனக்கென்ன குறை? எண்ட தம்பி ராசா மாதிரி வந்திரிக்கான்" என்றார் அக்கா. கூட்டம் கைதட்டியது.

அக்காவின் கட்டிலடிக்குப் போனோம். மெத்தையின் கால்மாட்டில் என் பெயர் இருந்தது. அதில் கை வைத்துக்கொண்டு படம் எடுத்தேன். வருகைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் என் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதினேன்: "லண்டனில் பத்தொன்பது வருடம் இதே துறையில் இருப்பவன் நான். இந்த இல்லத்தை முழுமையாகப் பரிசோதித்தேன். எந்தக் குறையும் இல்லை." கையெழுத்தும் போட்டேன்.

4

பரிசோதகர் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. மனம் கேளாமல், என் மகள் தாரணிக்கு ஊரில் எடுத்த படங்களை அனுப்பினேன். ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகியும் அவளுக்கு நான் அனுப்பவில்லை, அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நிமிடம் பேசுவாள், அதில் நாலு நிமிடம் இங்கிலிசு. அதனால் அவள் உடனே தொலைபேசி எடுத்தபோது பயந்துபோனேன்.

"அப்பா, பொன்னம்மா மாமி ஏன் ஒரு பக்கமாச் சரிஞ்சு இருக்கிறா?"

"வயசு போனா அப்பிடித்தான் பிள்ளை."

"இல்ல அப்பா. எல்லாப் படத்திலயும் இடது பக்கம்தான். வலது பக்கம் இருக்க ஏலாமத்தான் அப்பிடி இருக்கிறா. முகத்தைப் பாருங்க. சிரிக்கிறா, ஆனா பல்லக் கடிச்சுக்கொண்டு சிரிக்கிறா."

"நீ மாமியக் கண்டே பத்து வருசம். உனக்கென்ன தெரியும்?"

"நீங்க கட்டிலடியில நிக்கிற படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. உங்கட பேருக்குப் பக்கத்தில அந்த மெசின் இருக்கு. லைட் எரியுதா?"

பெரிதாக்கினேன். விளக்கு எரியவில்லை. மோட்டாருக்குக் கீழே வயர் சுருட்டிக் கட்டியபடி தொங்கியது. கட்டியிருந்தது நீல ரப்பர் பட்டி. கராஜில் நான் போட்ட அதே முடிச்சு. போன வருடம் நான் கட்டியதை எவரும் அவிழ்க்கவேயில்லை.

மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நேரம் தமிழில் பேசி நான் கேட்டுப் பல காலம். அந்த நேரத்தில்தானா அது நடக்க வேண்டும்?

5

தவராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எவருக்கும் சொல்லாமல் உடனே போ என்றேன். வயலில் நின்றவன் அப்படியே சேற்றுக் காலோடு மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஒன்றரை மணித்தியாலத்தில் இல்லத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் சலவை இயந்திரங்களுக்கு நடுவே நின்று கேட்டேன்.

"மாமா, பிளக் சதுர முள்ளு. இஞ்ச சுவர்ல இரிக்கிறது உருண்டை ஓட்டை. பழைய கட்டிடம். பன்னிரண்டு கட்டில்லயும் இதான் கதை."

"மாற்றுப் பிளக் ஒண்டு வாங்கி மாட்டிறதுக்கு என்ன?"

"அதத்தான் நானும் கேட்டன். லண்டன் ஐயாட சாமான், கை வச்சிப் பழுதாக்கிப் போட்டா என்ன செய்யிற எண்டு பயந்தாங்களாம். உங்களுக்குச் சொன்னா மனம் நோகுமாம். இவ்வளவு தூரம் அனுப்பினது வேலை செய்யல்ல எண்டு எப்பிடிச் சொல்லுற எண்டு கேக்கிறாங்க."

"அக்காவைப் பார்த்தியா?"

அவன் கட்டிலடியை விட்டு வெளியே நடப்பது கேட்டது.

"தவம்!"

"சேலைய விலத்திப் பாத்தன் மாமா. எண்ட உள்ளங்கையளவு கிடங்கு, குழி விழுந்த புண். மணக்குது. உள்ள வெள்ளையா என்னவோ தெரியுது. நான் மகன், நான் பாக்கக்கூடாத இடத்த எல்லாம் பாத்திட்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

பிறகு பொறுப்பாளர் பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. அழுதுகொண்டுதான் பேசினார்.

"ஐயா, பன்னிரண்டு பேருக்கு நாங்க ரெண்டு பேர். முந்தி ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பம். காத்து மெத்தை வந்திட்டுது தானே, இனிப் புண் வராது எண்டு நீங்கதான் போன்ல சொன்னீங்க. மறுகா நாங்க திருப்பிறதக் குறைச்சிட்டம்."

காற்றில்லாத காற்று மெத்தை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வெறும் ரப்பர். பழைய பஞ்சு மெத்தையே அதைவிட மெத்து. அக்காவின் கீழே இருந்த பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, என் பெயர் எழுதிய ரப்பரைப் போட்டவன் நான். அது போதாதென்று அந்தப் புண்ணின் மேலேயே அக்காவை இரண்டு மணித்தியாலம் மேடையில் இருத்தி வைத்தவனும் நான்.

6

ஏறாவூரில் ஒரு கடையில் தவராசா பன்னிரண்டு மாற்றுப் பிளக் வாங்கி மறுநாளே மாட்டினான். பன்னிரண்டு பச்சை விளக்கும் எரிகின்றன. படம் அனுப்பினான். அதை நான் சுவரில் ஒட்டவில்லை. சுவரில் இருந்ததையும் கிழித்துவிட்டேன். அக்காவைத் தவிர இன்னும் மூன்று பேருக்குப் புண் இருக்கிறது. கோழிக் கறி கேட்ட கிழவர் அதில் ஒருவர்.

அக்காவின் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. வெட்டித் துப்புரவாக்கினார்கள். காய்ச்சல் விடவில்லை. வயதைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் தவராசாவிடம் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் விட்டால் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வேண்டும், கூட்டிப்போங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். எங்கே கூட்டிப்போவது? பெரியகல்லாற்று வீடு பூட்டிக் கிடக்கிறது. திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லாத வீடு. மிச்சம் அதே இல்லம்தான்.

அந்த இல்லத்துக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும், அதை மேலிடத்தில் சொல்வோம் என்று, இல்லங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார்.

"ஐயா, வேலைக்கு ஆள் காணாது எண்டு ஆரோ முறைப்பாடு குடுத்து நாங்க போன கிழமை போனனாங்க. அங்க உங்கட எழுத்தக் காட்டினாங்க. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிரிக்கு. லண்டன்ல இந்த வேலையே செய்யிற ஆள் குறையில்ல எண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சிரிக்கிறாரு. அதுக்கு மேல நாங்க என்னத்த எழுதுற? கோப்ப மூடிட்டம்."

"அந்த எழுத்த நான் வாபஸ் வாங்கிறன்."

"அப்ப நீங்க நேர்ல வரவேணும் ஐயா."

தாரணி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கணினியில் எனக்கு விசா விண்ணப்பம் நிரப்பினாள். வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. சுற்றுலா, வியாபாரம், இடைத்தங்கல். இவற்றில் ஒன்றைத்தான் அமத்தலாம். "அப்பா, என்னத்த அமத்துற?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளாகவே சுற்றுலா என்று அமத்தினாள். தானும் வருவதாகச் சொல்லித் தனக்கும் ஒன்று நிரப்பினாள். எப்போது போகிறோம் என்று இந்த முறை எவருக்கும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

இதை வாசிக்கும் ஊர்க்காரர்களே, உங்களுக்கும் அப்படி ஓர் இல்லத்தில் தாயோ தகப்பனோ இருந்தால், சொல்லாமல் போங்கள். மாலை போட வந்தால் வாங்காதீர்கள். கட்டிலடியில் முழங்காலில் நின்று வயரைத் தடவிச் சுவர்வரை போங்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். நான் அந்தப் புத்தகத்தில் எழுதியது பொய். இந்தக் கையால் எழுதினேன், இந்தக் கையாலேயே அழிக்கிறேன்.

நேற்று அக்காவோடு பேசினேன். தவராசாவைத் தொலைபேசியை அக்காவின் காதடியில் வைத்துவிட்டு வெளியே போகச் சொன்னேன். அந்தப் பரிசோதகர் கதவைச் சாத்திக்கொண்டு கிழவியிடம் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்தேனோ அதைக் கேட்டேன்.

"அக்கா, இப்ப ஒருத்தரும் இல்ல. நானும் நீங்களும்தான். சொல்லுங்க."

"அவங்களோட சண்டை பிடிக்காத தம்பி. நான் மறுகாவும் அங்கதானே போய்க் கிடக்கவேணும்."

"சண்டை இல்ல அக்கா. வேற ஏதும் சொல்லவேணுமா?"

காய்ச்சலில் அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"அண்டைக்கு மேடையில, ஏலாமக் கிடக்கு, கொஞ்சம் படுக்கட்டா எண்டு உன்னட்டக் கேட்டன். உனக்குக் கேக்கல்ல போல."

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று மேலே மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். அதையும் வெட்டிவிட்டு வாசியுங்கள். எனக்குக் கேட்டது. இன்னும் ஒரு படம்தான் அக்கா, கொஞ்சம் பொறுங்க என்று நான் சொன்னேன். அக்கா பொறுத்தார்.